கடனும் சரணாகதியும்

திருவிழாக் காலத்தில் எம்பெருமான் சந்நிதியில் திரளும் அடியார் கூட்டம் கண்கொள்ளாக் காட்சியாகும். கருட சேவையன்று வீதியெங்கும் தலைகளே தெரிகின்றன. ‘கோவிந்தா, கோவிந்தா’ என்னும் முழக்கம் விண்ணை எட்டுகிறது. அந்தக் கூட்டத்தில் பிணி தீர வேண்டி வந்தவர் உண்டு; மகப்பேறு வேண்டி வந்தவர் உண்டு; மகளுக்கு நல்ல வரன் அமைய வேண்டி வந்தவர் உண்டு. இவர்கள் தம் குறையை அருகில் நிற்கும் முன்பின் அறியாதவரிடமும் கூசாமல் சொல்லுவர். ஒரு குறையைமட்டும் எவரும் வாய்விட்டுச் சொல்லுவதில்லை. அதுவே கடன்.

நோயாளியை உலகம் இரக்கத்தோடு பார்க்கிறது. கடனாளியை ஏளனத்தோடு பார்க்கிறது. ஆகவே கடன்பட்டவன் தன் துன்பத்தை உள்ளேயே பூட்டி வைக்கிறான். மனைவிக்கும் தெரியாது, உடன்பிறந்தாருக்கும் தெரியாது. கர்ப்பக்கிருகத்தின் முன் நிற்கும் அரை நிமிஷத்தில் கண்ணீராக மட்டும் அது வெளிப்படுகிறது.

கடன்பட்டவன் இழிந்தவனா? அவன் உதவி கேட்பது மானக்கேடா? பகவானையே தஞ்சமாகப் பற்றியவன் மனிதரிடம் உதவி நாடலாமா? இக்கேள்விகளுக்கு நம் ஸம்ப்ரதாயம் என்ன விடை தருகிறது என்று சிந்திப்பது திருநாளுக்கு ஏற்ற சிந்தனையே ஆகும்.

கடன் இல்லாத மனிதன் உண்டா?

தமிழில் ‘கடன்’ என்பது இரு பொருள் தரும் சொல். கைம்மாற்றாக வாங்கிய பொருளும் கடன். செய்து தீர வேண்டிய கடமையும் கடன். மனிதன் பிறக்கும்போதே தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் பித்ருக்களுக்கும் கடன்பட்டே பிறக்கிறான் என்பது வைதிக மரபு. வேள்வியாலும், வேதம் ஓதுவதாலும், நன்மக்கட் பேற்றாலும் அவன் அவற்றைத் தீர்க்கிறான். தாயின் பாலுக்கும், ஆசானின் சொல்லுக்கும், உழவன் விளைத்த நெல்லுக்கும் பட்ட கடனை யாரால் எண்ணிக் கொடுக்க முடியும்? ஆகவே கடனாளி என்பது ஒரு சிலருக்கு மட்டும் உரிய பெயரன்று. ஒருவன் கடன் ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது. மற்றொருவன் கடன் எழுதப்படவில்லை. வேறுபாடு அவ்வளவே.

திருமலையில் ஒரு கடன் வரலாறு

பக்தர் அனைவரும் அறிந்த வரலாறு ஒன்று உண்டு. ஆகாசராஜன் திருமகளாகிய பத்மாவதித் தாயாரை மணம் புரிய எண்ணிய ஸ்ரீநிவாஸனிடம் கல்யாணச் செலவுக்குப் பொருள் இல்லை. மஹாலக்ஷ்மி பிரிந்து சென்றிருந்த காலம் அது. எம்பெருமான் குபேரனிடம் கடன் கேட்டான். 1 கோடியே 14 லட்சம் பொன் என்று அத்தொகையைச் சொல்லுவர். நான்முகனும் சிவபெருமானும் சாட்சியாகப் பத்திரம் எழுதப்பட்டது. கலியுக முடிவு வரையில் வட்டி செலுத்துவதாக உடன்பாடு. உண்டியலில் அடியார் இடும் காணிக்கை அந்த வட்டிக்கே சேருகிறது என்பது மக்கள் நம்பிக்கை. தெலுங்கு நாட்டார் அப்பெருமானை ‘வட்டிகாஸுலவாடு’ என்றே அன்போடு அழைக்கின்றனர். கீழ்த் திருப்பதியில் பள்ளிகொண்ட கோவிந்தராஜப் பெருமாள், காணிக்கையை அளந்து அளந்து களைத்து, மரக்காலையே தலைக்கு வைத்து உறங்குவதாகவும் சொல்லுவர்.

ஸ்ரீய:பதிக்கே பணமுடை நேர்ந்ததா என்று இதைக் கேட்டுச் சிரிப்பவர் உண்டு. உலகனைத்தையும் படைத்தவனுக்குப் பொன் தேவையில்லை. அடியாரோடு ஒருவனாக நிற்பதற்காகவே அவன் இந்தக் கோலத்தை மேற்கொண்டான் என்று பெரியோர் விளக்குவர். மகள் கல்யாணத்துக்காகக் கடன்பட்ட தகப்பன் அப்பெருமான் திருமுன் நிற்கும்போது, தன் நிலையை அறியாத ஒருவன் முன் நிற்கவில்லை.

இவ்வரலாற்றில் நோக்கத்தக்கவை மூன்று. முதலாவது, எம்பெருமான் ஒளிந்து வாங்கவில்லை. சாட்சி வைத்து, எழுதிக் கொடுத்து வாங்கினான். இரண்டாவது, வாங்கியதை மறுக்கவில்லை, செலுத்தி வருகிறான். மூன்றாவது, கடன் இருக்கிறது என்பதற்காக அவன் திருமுகம் வாடவில்லை. அபயம் அளிக்கும் திருக்கோலத்தில் மாற்றமில்லை. கடன் என்பது அவன் செலுத்த வேண்டிய ஒரு பொருள். அவனுடைய பெருமையை அளக்கும் கோல் அன்று. இதைக் கடன் வாங்குவதற்குக் கிடைத்த அனுமதியாகக் கொள்ளலாகாது. கடன்பட்டபின் எப்படி நிற்பது என்பதற்குப் பாடமாகவே கொள்ள வேண்டும்.

நெஞ்சின் கலக்கம்

போர்க்களத்தில் எல்லாம் இழந்து நின்ற இலங்கை வேந்தனின் கலக்கத்துக்கு உவமையாகக் கடன்பட்டவனுடைய நெஞ்சைச் சொல்லும் வழக்கு தமிழ்நாட்டில் உண்டு. கண்ணபிரானும் அக்கலக்கத்தை அறிந்தவன். கௌரவர் சபையில் திரௌபதி ‘கோவிந்தா’ என்று கதறியபோது அவன் தொலைவில் இருந்தான். பின்னர் அதை நினைத்து, அவளுடைய அந்த அழைப்பு வட்டியோடு வளர்ந்த கடனைப் போல் தன் நெஞ்சை விட்டு அகலவில்லை என்ற கருத்தில் அவன் பேசியதாக மஹாபாரதம் கூறுகிறது. பூர்வாசார்யர்கள் உருகி உருகி அநுபவித்த இடம் இது. தீராத கடன் நெஞ்சில் எப்படி உறுத்தும் என்பதை அந்தர்யாமியானவன் தன் வாயாலேயே சொல்லிவிட்டான்.

அந்த உறுத்தல் மனிதனை என்னவெல்லாம் செய்கிறது? இரவில் உறக்கம் போகிறது. வாயிற்கதவு தட்டப்பட்டால் உடல் நடுங்குகிறது. உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போவது நிற்கிறது. ஒன்றுமறியாக் குழந்தையின் மீது கோபம் பாய்கிறது. பழைய கடனை அடைக்கப் புதிய கடன். அதை அடைக்க மற்றொன்று. இவற்றில் பாதித் துன்பம் கடனால் வருவது. மறுபாதி அதை மறைப்பதால் வருவது. முதற்பாதி தீர நாளாகும். மறுபாதியோ, நம்பத்தக்க ஒருவரிடம் வாய் திறந்த அன்றே குறையத் தொடங்குகிறது.

திருமங்கை மன்னன் பட்ட பாடு

ஆழ்வார்களில் கடைக்குட்டியான திருமங்கையாழ்வாருடைய வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. திருக்குறையலூரில் அவதரித்த நீலர், சோழ மன்னனுக்குத் திறை செலுத்தும் சிற்றரசர். குமுதவல்லி நாச்சியாரை மணக்க வேண்டி, அவள் விதித்தபடி நாள்தோறும் 1008 வைஷ்ணவர்களுக்கு அமுது செய்விக்கும் கைங்கர்யத்தை மேற்கொண்டார். கைப்பொருள் கரைந்தது. அரசனுக்குச் செலுத்த வேண்டிய திறைப் பொருளும் அதில் செலவாயிற்று.

திறை கேட்டு வந்த ஆட்களுக்கு முதலில் தவணை சொன்னார். பின்னர் அவர்களைத் துரத்தினார். படை வந்தபோது வாளெடுத்துப் போரிட்டார். இறுதியில் அரசனுடைய அமைச்சரின் காவலில், ஒரு கோயிலில் மூன்று நாள் உணவின்றிக் கிடந்தார். இனி ஒரு வழியும் இல்லை என்ற அந்த நிலையில், கச்சிப் பேரருளாளன் கனவில் தோன்றிக் காஞ்சிக்கு வரச் சொன்னான். வேகவதிக் கரையில் புதையலைக் காட்டினான். திறை தீர்ந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. புதையலும் ஒரு நாள் தீர்ந்தது. ததீயாராதனத்தை நிறுத்த மனமில்லாத மன்னர் வழிப்பறியில் இறங்கினார். அப்போது எம்பெருமான் மணவாளக் கோலத்தில் பிராட்டியோடு எதிரே வந்து, தன்னையே கொள்ளை கொடுத்து, திருமந்த்ரத்தைச் செவியில் ஓதி அவரை ஆட்கொண்டான்.

ஆழ்வாருடைய கைங்கர்யம் ஒப்பற்றது. அதில் குற்றம் காண்பது நோக்கமன்று. எனினும் சாதாரண மனிதன் கடனில் மூழ்கும்போது கடக்கும் படிகள் அனைத்தும் அவ்வரலாற்றில் உள்ளன. தவணை சொல்லுதல், சினத்தல், சண்டையிடுதல், வழிதவறுதல் என்று அவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நல்லவர்களையும் நெருக்கடி தவறான வழிக்குத் தள்ளக்கூடும் என்று அது காட்டுகிறது. மற்றொன்றையும் காட்டுகிறது. புதையல் ஒரு திறையைத்தான் தீர்த்தது. வாழ்வை மாற்றியது மந்த்ரம். எங்கிருந்தோ ஒரு தொகை வந்து கடன் அடைந்தாலும், வரவையும் செலவையும் பார்க்கும் பார்வை மாறாவிட்டால் அது மீண்டும் வாயிலில் வந்து நிற்கும்.

கேட்பது இழிவா?

சரணாகதிக்கு அங்கங்களாகச் சொல்லப்பட்டவற்றுள் இரண்டு இங்கே கவனிக்கத்தக்கவை. ஒன்று கார்ப்பண்யம், தன்னால் இயலவில்லை என்று தன் கையிலாகாமையை ஒப்புக்கொள்ளுதல். மற்றொன்று கோப்த்ருத்வ வரணம். ‘நீயே காக்க வேண்டும்’ என்று வாய்விட்டு வேண்டுதல். எல்லாம் அறிந்த எம்பெருமானிடத்திலும் கேட்க வேண்டும் என்று சாஸ்திரம் விதித்திருக்கிறது. அவனுக்குத் தெரியாததைத் தெரிவிப்பதற்காக அன்று; கேட்பவனுடைய அகங்காரம் கரைவதற்காகவே அந்த விதி.

கஜேந்திரன் முதலையோடு நெடுங்காலம் தன் வலிமையை நம்பிப் போராடினான். கூடவந்த யானைக் கூட்டமும் கைவிட்டது. ‘ஆதிமூலமே’ என்று அவன் அழைத்த கணத்தில் கருடவாகனன் விரைந்து வந்தான். அழைப்புத்தான் தாமதித்தது, அருள் தாமதிக்கவில்லை.

பகவானை அழைக்கலாம், மனிதரிடம் கேட்கலாமா என்ற ஐயம் எஞ்சுகிறது. இதற்கு ஸ்ரீராமாயணமே விடை. சீதையைப் பிரிந்த சக்கரவர்த்தித் திருமகன் ருச்யமூக மலைச்சாரலுக்கு வந்தபோது, உலகுக்கெல்லாம் புகலிடமான இராமன் இன்று சுக்ரீவனைப் புகலாக நாடி வந்திருக்கிறான் என்று இளையபெருமாள் அநுமனிடம் கூறுகிறார். ஒரு வானரனிடம், அதுவும் நாடிழந்து மலையில் ஒளிந்திருந்த ஒருவனிடம், பரம்பொருள் உதவி கேட்டது. அதனால் இராமனுடைய பெருமை குறைந்ததா? அவனுடைய எளிமைக் குணம் அன்றோ உலகுக்கு வெளிப்பட்டது!

குசேலர் வரலாற்றையும் இங்கே நினைக்கலாம். துவாரகையில் அவர் வாய் திறந்து கேட்கவில்லை. கேளாமலே கண்ணன் கொடுத்தான் என்பர். அது உண்மையே. ஆயினும் அவரைத் துவாரகைக்கு அனுப்பியது யார்? வீட்டின் வறுமையை மறைக்காமல், நண்பனைச் சென்று காணும்படி எடுத்துச் சொன்னவள் மனைவி. அந்த வீட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் இடையே மறைவு இல்லை. மனையாள் அறியாத கடன் உள்ள வீட்டிலிருந்து எவரும் துவாரகைக்குப் புறப்பட முடியாது.

யாரிடம், எப்படிக் கேட்பது?

கடன்பட்டவன் செய்யத்தக்க முதற்காரியம் கணக்கு எழுதுதல். யாருக்கு எவ்வளவு, வட்டி என்ன, அடமானம் என்ன, இதுவரை கொடுத்தது எவ்வளவு என்று ஒளிவின்றி ஒரு தாளில் எழுத வேண்டும். இருட்டில் பூதமாகத் தோன்றியது விளக்கு வெளிச்சத்தில் தன் அளவுக்குச் சுருங்கும். அதைக் குடும்பத்தாரிடமும், பொருள் விவகாரம் அறிந்த நேர்மையான ஒரு பெரியவரிடமும் காட்டுதல் இரண்டாவது. கடன் கொடுத்தவரிடம் தலைமறைவாகாமல், தன்னால் இயன்ற தவணையைச் சொல்லி உடன்பாடு தேடுதல் மூன்றாவது. வட்டிக்காக மேலும் கடன் வாங்காதிருத்தல் இம்மூன்றுக்கும் அடிப்படை.

வட்டிக்கும் தர்மம் எல்லை வகுத்திருக்கிறது. வஸிஷ்டர் வகுத்த அளவு என்று மநு ஸ்மிருதி சொல்லுவது, மாதத்துக்கு முதலில் 80-இல் ஒரு பங்கு. அதாவது நூற்றுக்கு 1¼. ஒரே தவணையாகத் தீர்க்கப்படும் பணக் கடனில் வட்டியும் முதலும் சேர்ந்து முதலைப்போல் இரு மடங்குக்கு மேற்படலாகாது என்றும் அது விதிக்கிறது. 10,000 ரூபாய்க்கு அந்த அளவில் வட்டி கணக்கிட்டால், வட்டி முதலுக்குச் சமமாக 80 மாதமாகும். ‘பத்து வட்டி’ எனப்படும் நூற்றுக்குப் பத்து என்ற கணக்கில் 10 மாதத்திலேயே 10,000 ரூபாய் வட்டியாகப் போய்விடும். முதல் அப்படியே நிற்கும். இத்தகைய கடனில் சிக்கியவன் சோம்பலால் தாழ்ந்தவன் அல்லன். யாரும் ஏற முடியாத வழுக்குப் பாறையில் நிறுத்தப்பட்டவன்.

இராஜநீதியும் அவனைக் கைவிடவில்லை. கந்து வட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றைத் தடுக்கும் சட்டம் தமிழகத்தில் 2003-இல் இயற்றப்பட்டது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அமர்த்தும் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடனாளியை அழைக்கலாகாது. மிரட்டவும் அவமதிக்கவும் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் அறிவுறுத்தியது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தகுதியுடைய எளியோருக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் உதவி அளிக்கிறது. மக்கள் நீதிமன்றங்களில் சமரசத்துக்கும் இடமுண்டு. இவற்றை நாடுவது கடனை ஏமாற்றுவதாகாது. நியாயமான கடனை நியாயமான வழியில் தீர்ப்பதற்கு உதவி பெறுவதே ஆகும்.

மனம் உடைந்து, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டுமாயின் ஒரு நாழிகையும் தனித்திருத்தல் கூடாது. அருகில் உள்ள எவரிடமேனும் உடனே சொல்ல வேண்டும். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் மனநல உதவிக்கு 14416 என்ற தொலைபேசி எண்ணில் இரவு பகலாகக் கட்டணமின்றிப் பேசலாம். தமிழிலும் பேசலாம். அங்கே விடையளிக்கும் குரலும் எம்பெருமான் அனுப்பிய குரலே.

அடமானம் வைக்க இயலாத சொத்து

நம் ஸித்தாந்தத்தின் உயிர்நிலை ஒன்று உண்டு. ஆத்மா தனக்கு உரியதன்று. எம்பெருமானுக்கே உரிய சொத்து. இதை சேஷத்வம் என்பர். இந்த உண்மையைக் கடன்பட்டவன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரியதோர் ஆறுதல் பிறக்கிறது. வீட்டை அடமானம் வைக்கலாம், நிலத்தை வைக்கலாம், நகையை வைக்கலாம். ஆத்மாவை வைக்க இயலாது. பிறருடைய சொத்தை அடகு வைக்க யாருக்கு உரிமை உண்டு? எழுதிக் கொடுத்த பத்திரத்தில் அது இல்லை. ஆகவே அதை ஜப்தி செய்ய எந்தக் கடன்காரராலும் முடியாது. ‘இனி இந்த உயிர் எதற்கு’ என்று அதைத் தூக்கி எறியும் உரிமையும் கடனாளிக்கு இல்லை. ஜீவாத்மாவையே கௌஸ்துப மணியாகத் திருமார்பில் அணிந்திருக்கிறான் எம்பெருமான் என்று சாஸ்திரம் சொல்லுகிறது. ஊரார் எப்பெயரிட்டு அழைத்தாலும், அவன் திருமார்பில் இருக்கும் மணியின் விலை ஒரு காசும் குறைவதில்லை.

கொடுத்தவரும் கண்டவரும்

கடன் கொடுத்தவருக்கும் தர்மம் உண்டு. பாண்டிநாட்டு நவதிருப்பதிகளுள் ஒன்றான திருக்கோளூரில் எம்பெருமான் வைத்தமாநிதியாகப் பள்ளிகொண்டிருக்கிறான். சாபத்தால் நிதிகளை இழந்த குபேரன் அங்கே வந்து இறைஞ்சி அவற்றை மீளப் பெற்றான் என்பது தலவரலாறு. பெருமாளுக்கே கடன் கொடுத்தவனும் ஒருநாள் கை கூப்பி நிற்க நேர்ந்தது. இதை எண்ணுகிறவர், தம்மிடம் கடன்பட்டவரைத் தெருவில் நிறுத்திப் பேச மாட்டார்.

உறவினரும் நண்பரும் பணம் கொடுக்க இயலாதவராக இருக்கலாம். செவி கொடுக்க இயலாதவர் எவரும் இல்லை. ‘அப்போதே சொன்னேனே’ என்று குத்திக் காட்டாமல் ஒரு மணி நேரம் கேட்பதும், வங்கிக்கோ வழக்கறிஞரிடமோ துணையாக உடன் செல்வதும் சிறந்த பாகவத கைங்கர்யமே.

திருநாளுக்கு வந்திருக்கும் அடியார் ஒன்றை மனத்தில் கொள்ளல் வேண்டும். காணிக்கை செலுத்துவதற்காகவோ, நேர்ந்துகொண்ட பிரார்த்தனையை ஆடம்பரமாக முடிப்பதற்காகவோ கடன் வாங்குவதை எம்பெருமான் திருவுள்ளம் உகக்காது. குசேலரின் ஒரு பிடி அவலை உகந்து உண்டவன் அவன். குரும்பறுத்த நம்பி என்னும் குயவர் மண்ணால் செய்து சமர்ப்பித்த பூக்களைத் திருமலையில் ஏற்றவன் அவன். பொன்மலர் இட்ட தொண்டைமானுக்கு அந்த மண்பூக்களின் ஏற்றத்தை உணர்த்தியவனும் அவனே. இலையும் பூவும் நீரும் போதும் என்று கீதையில் அவனே அருளியிருக்கிறான். உண்டியலில் இட ஒன்றுமில்லாதவன், ‘கணக்கை மறைக்க மாட்டேன், கடனை மறுக்க மாட்டேன், உதவி கேட்க வெட்க மாட்டேன்’ என்ற உறுதியை அவன் திருவடிகளில் சமர்ப்பிக்கலாம். அதைவிடச் சிறந்த காணிக்கை வேறில்லை.

தேர் நிலைக்கு வந்து சேர ஆயிரம் கைகள் வடம் பிடிக்கின்றன. ஒருவன் தனியே இழுத்தால் அது ஓர் அடியும் நகராது. கடன் என்னும் பாரமும் அத்தகையதே. அப்பாரத்தைத் தனியே சுமந்து வந்திருக்கும் அடியார் ஒவ்வொருவருக்கும், வடம் பிடிக்க நல்ல கைகளையும், கேட்பதற்குத் துணிவையும், தீர்க்கும் நாள் வரையில் தளராத நெஞ்சையும் அலர்மேல்மங்கை உறை மார்பன் அருள்வானாக.

சுபம்.